வியாழக்கிழமைக்கு எதிரே எழுதிய சொல்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பயிற்சிக் கொப்பியில். வியாழக்கிழமைக்கு எதிரே "ஓய்வு" என்று எழுதினேன். அது பொய். முப்பத்தெட்டு வயதில் எழுத்துப் படித்தவன் நான். நான் எழுதியதை நம்பி ஒருவர் முடிவெடுக்கக்கூடும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

"திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் சூரியன் மெல்ல" (விட்டுவிட்டேன். சூரியன் ஏறும் நேரம் நாங்கள் லொறிக்குள் நிற்போம்.)

"யானையைப் போன்ற பிரகலாதன்" (இதுவும் சரிவராது. ஆள் மெலிவு. சேட்டுப் போட்டால் கணக்கு வாத்தியார்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

2

பிரகலாதனும் நானும் துறைமுகப் பக்கத்தில் ஒரு சீமெந்துக் களஞ்சியத்தில் நாட்டாமி வேலை செய்கிறோம். லொறிகளுக்கு மூடை ஏற்றுவதும் இறக்குவதும்தான். ஒரு மூடை ஐம்பது கிலோ. அவனுக்கு நாற்பத்துமூன்று வயது. கிழமைக்கு மூன்று நாள், வேலை முடிந்த கையோடு கப்பல்துறை என்ற ஊருக்குப் போவான். அங்கே டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் இரும்பு தூக்குவான்.

லொறிச் சாரதி இல்ஹாமுக்கு இது பெரிய பகிடி.

"நாங்க தூக்கினா மூடை கடைக்குப் போகுது. நீ தூக்கினா இரும்பு எங்க போகுது மச்சான்?"

"திரும்பக் கீழ வருது."

"அப்ப ஏன்டா தூக்குறாய்?"

"இருபது வருசமா மூடை தூக்குறன். ஒருத்தனும் பாத்துச் சரியெண்டு சொல்லேல்ல. போட்டியில மூண்டு பேர் கதிரை போட்டிருந்து பாப்பினம். சரியெண்டா வெள்ளை லைற் போடுவினம்."

அதற்குப் பிறகு இல்ஹாம் சிரிக்கவில்லை. (உண்மையில் சிரித்தான். கதைக்காக நான் நிறுத்தினேன்.)

3

பூரணி வெருகல்காரி. இருபத்தெட்டு வயது. பகலில் மருந்துக்கடையில் நிற்பார், மாலையில் கொட்டிலில் பயிற்சி கொடுப்பார். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த தயாளினி ரீச்சர் இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, "இந்தப் பிள்ளையை நம்ப ஏலாது முத்தன். ஒரு பிழையாவது விட வையுங்கோ" என்றார். நானும் தேடினேன். யோசிக்கும்போது சத்தமாகச் சூயிங்கம் மெல்லுவார். அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

முதல் நாள் பூரணி பிரகலாதனை எதையும் தூக்கச் சொல்லவில்லை.

"இண்டைக்கு எத்தின மூடை அண்ணா?"

"எண்ணேல்ல."

"எண்ணிக்கொண்டு வாங்கோ. இது மூடை, இது இரும்பு எண்டு முதுகுக்குத் தெரியாது."

எங்கள் வேலையை இவ்வளவு மதித்து ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. எண்ணி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இடப்பக்கம் நான் மூடைகளை எழுதுவேன், வலப்பக்கம் அவர் இரும்பின் பாரத்தை எழுதுவார். இருநூறு மூடை சுமந்த நாளில் இரண்டே சுற்று. எண்பது சுமந்த நாளில் ஐந்து சுற்று, பாரமும் கூட. எந்த நாளும் அவனைக் களைத்து விழவிடவில்லை.

"இன்னும் ரெண்டு தரம் ஏலும் எண்டேக்க வையுங்கோ அண்ணா. அந்த ரெண்டும் நாளைக்கு."

நாலாம் கிழமைக்குப் பாரத்தை அரைவாசியாக எழுதியிருந்தார். கைதவறி எழுதிவிட்டார் என்று நினைத்து நான் வெட்டித் திருத்திவிட்டேன். வேலையைக் குறைத்து யாராவது எழுதுவார்களா? பூரணி விழுந்து விழுந்து சிரித்தார்.

"முத்தண்ணா, தூக்கேக்க உடம்பு உடையுது. விட்டுக்குடுக்கேக்கதான் கட்டுது."

ஐந்து மாதத்தில் நூற்றிருபது கிலோ நூற்றெண்பது ஆனது.

4

போட்டி சனிக்கிழமை. அந்தக் கிழமை நாளுக்கு நாற்பது மூடைக்குமேல் கூடாது, வியாழனும் வெள்ளியும் முழு ஓய்வு என்பது பூரணியின் உத்தரவு.

வியாழன் காலை என் முழங்கால் வீங்கிவிட்டது. எங்கள் வேலையில் ஒருவன் குந்திவிட்டால் அவன் பங்கு மற்றவர்களின் தோளுக்குப் போகும். யார் அவனுக்குச் சொன்னார்களோ தெரியாது, பத்து மணிக்குப் பிரகலாதன் வந்து நின்றான்.

"நீ குந்தடா."

"உனக்கு இண்டைக்கு ஓய்வெல்லோ?"

"குந்தெண்டா குந்து. கதையாத."

என் பங்கு தொண்ணூறு மூடை. அவ்வளவையும் அவன் இறக்கினான்.

"பூரணிக்கு என்னெண்டு எழுதுறது?"

"ஓய்வெண்டு எழுது. தெரிஞ்சா அவ என்னைப் போட்டியில விடமாட்டா."

எழுதினேன். மற்ற நாட்களைவிடக் கையெழுத்து அழகாக வந்திருந்தது.

[இந்த இடத்தில் "நட்பு என்பது" என்று ஒரு வசனம் தொடங்கினேன். வெட்டிவிட்டேன். தொண்ணூறு மூடையே போதும்.]

5

நகரத்தில் ஒரு மண்டபம். தரையில் கிடக்கும் இரும்பை இடுப்பு மட்டத்துக்குத் தூக்கி நிமிர வேண்டும். ஆளுக்கு மூன்று தடவை. நூற்றித் தொண்ணூறு தூக்கினால் கொழும்புப் போட்டிக்குப் போகலாம்.

நூற்றெழுபது இலகுவாக வந்தது. நூற்றெண்பது முழங்காலடியில் நின்றது, நடுங்கியது, பிறகு ஏறியது. மூன்று வெள்ளை விளக்கு. பிரகலாதன் விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றான். மேடையை விட்டு இறங்கச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.

அடுத்த பாரத்தை எழுதிக்கொடுக்க ஒரு நிமிடம். பூரணி மெல்லுவதை நிறுத்தினார்.

"ஓய்வெடுத்த முதுகெண்டா நூற்றெண்பது இப்பிடி நிக்காது. ஒருவேளை பயமாயும் இருக்கலாம். முத்தண்ணா, கொப்பி உங்கட. எழுதினது சரியெண்டா நூற்றித் தொண்ணூறு போடுவம். இல்லையெண்டா நூற்றெண்பத்திரண்டரையோட வீட்ட போவம். களைச்ச முதுகில நூற்றித் தொண்ணூறு போட்டா முதுகு போயிரும்."

"அவனைக் கேக்கலாமே?"

"அவரைக் கேட்டா இருநூறு எண்டுவார். நீங்களே எழுதுங்கோ."

அட்டையும் பேனையும் என் கையில். எதிரே கதிரையிலிருந்து பிரகலாதன் என்னைப் பார்த்தான். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தான். நூற்றித் தொண்ணூறு.

6

எல்லா முடிவையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நாங்கள் கொழும்பு ரயிலில் இருக்கிறோம். இன்னொன்றில் நூற்றெண்பத்திரண்டரைக்கு வெள்ளை விளக்குகள் எரிகின்றன, ஆனால் அவன் பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. மற்றதில் இரும்பு முழங்காலைத் தாண்டும்போது அவனுடைய முதுகு

(இந்த வசனத்தை என்னால் முடிக்க ஏலாது.)

அன்று ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தேன்தான். அதை உங்களுக்குச் சொன்னால், பிறகு நடந்ததை வைத்து நான் எழுதியது சரி பிழை என்று தீர்த்துவிடுவீர்கள். பிறகு என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் நான் பேனையைப் பிடித்திருந்தேன்.

பூரணிக்குத் தெரியாதது இப்போது உங்களுக்குத் தெரியும். அந்த முதுகு வீட்டில் நாலு பேருக்குச் சோறு போடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நாற்பது செக்கன் இருக்கிறது. மேசையிலிருப்பவர் கையை நீட்டுகிறார்.

பெயர்: பிரகலாதன்
மூன்றாம் தடவை: __________ கிலோ