குப்பைமேட்டில் கிடந்தவள்

அப்பாவின் தலையை மடியில் தூக்கி வைத்து, தேன் கலந்த தண்ணீரை வாயில் விட்டுக்கொண்டிருந்தாள் நோனியா. பாதி உள்ளே போனது. மீதி மோவாய் வழியாக வழிந்தது.

"அப்பா, வாசல்ல நாலு பேர் நிக்கறாங்க. அவங்க முன்னாடி, அவ என் பொண்ணுதான்னு ஒரு தடவ சொல்லிடுங்க."

கிழவர் கண்ணைத் திறந்தார். "யாரு?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

தெருவுக்கே தெரியும். நோனியாவுக்கு ஐந்து வயதில் தங்கை பிறந்தாள். தரையில் கிடத்திய குழந்தையை அப்பா குனிந்து எடுக்கவில்லை. அப்பன் எடுக்காத குழந்தை வீட்டில் தங்காது. சித்தப்பா காலுஸ் அதைக் கூடையில் வைத்து ஊர்ச்சுவருக்கு வெளியே குப்பைமேட்டில் விட்டுவிட்டு வந்து, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். சாயப்பட்டறைக்காரர் தெர்மியஸின் மனைவி அதை எடுத்துப்போய் அடிமையாக வளர்த்தாள். கோப்ரியா என்று பெயர் வைத்தார்கள். குப்பைக்காரி என்று அர்த்தம். அம்மா சாகும்வரை பட்டறை இருந்த தெருப் பக்கமே போகவில்லை.

அப்பா அந்த வழியாகப் போனார். தினமும் போனார். சாய நாற்றம் தாங்கவில்லை என்று மட்டும் திட்டுவார்.

சுதந்திரமாகப் பிறந்தவள் எங்கே வளர்ந்தாலும் சுதந்திரமானவள்தான். யாருக்குப் பிறந்தாள் என்று நிரூபித்தால் போதும். அப்பா வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவோ சந்தையில் எண்ணெய் விற்ற காலத்திலிருந்து ஓயாமல் திறந்தே இருந்த வாய். முன்னோர் பெருமை, குடும்ப மானம், ரோமானியன் எப்படி வாழ வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் கொட்டும்.

"அவளுக்கு அங்க என்ன குறைச்சல்?" என்றார் அப்பா. "ரொட்டி போடறாங்கல்ல?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என் பேரக் கெடுக்காத."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மதியம் போய்ச் சேர்ந்தார்.

வீட்டிலிருந்த ஒரே அடிமையையும் போன குளிர்காலத்தில் விற்றாகிவிட்டது. உடம்பைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. அக்கம்பக்கத்து மரியாதைக்காக தெர்மியஸ் கோப்ரியாவை அனுப்பிவைத்தார். முழங்கைவரை சாயம் ஏறிச் சிவந்த கைகளோடு வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்கினாள்.

"சித்தப்பா, நீங்க சொல்லலாமே," என்றாள் நோனியா. "கூடையத் தூக்கிட்டுப் போனவர் நீங்கதான."

கண்ணீர் வராத கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த காலுஸ் திரும்பினார். "பொணத்த வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது? போர்ல பிடிபட்டவளா இருந்தா ஊர் பேராவது இருக்கும். கடல்கொள்ளக்காரன் வித்தவளா இருந்தா மீட்க ஒருத்தன் வருவான். அடிமைக்கே பொறந்ததா இருந்தா அது பாட்டுக்கு வீட்டோட கெடக்கும். இது குப்பையில வந்தது. இதப் போயி எங்க அண்ணன் மகள்னு சொல்லச் சொல்றியா?"

கோப்ரியா பிணத்தின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால்விரல்கள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. அவளுடையவையும் அப்படித்தான்.

இறந்தவரின் பெயரைச் சொந்தக்காரர்கள் உரக்கக் கூப்பிட வேண்டிய நேரம் வந்தது. காலுஸ் தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். நோனியா கோப்ரியாவின் பக்கம் குனிந்தாள்.

"உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்மா. பட்டறையில சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"அப்ப நீயும் கூப்பிடு."

பட்டறைக்கு வந்த மட்டமான கம்பளியைப் பார்ப்பதுபோல் கோப்ரியா பிணத்தைப் பார்த்தாள்.

"இந்த ஆளையா?"

தொங்கிய தாடையை மேலே தள்ளி, தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினாள். "இது தொறந்திருந்தா மட்டும் என்ன வந்துடப் போகுது?"

"நாளைக்கு நான் நீதிபதிகிட்ட போறேன்," என்றாள் நோனியா. "நான் பார்த்தவ. நானே சொல்றேன்."

காலுஸ் மூக்கால் சிரித்தார். "அப்பன் பொணத்த எடுக்கறப்ப வராம அங்க போவியா?"

கோப்ரியா துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "போங்கம்மா. ஆனா அப்பன் பேர் கேப்பாங்க. வேற யார் பேராவது கெடைக்குமான்னு பாருங்க."

மறுநாள் காலை குழல்காரர்கள் ஊதிக்கொண்டே முன்னால் போக, காலுஸ் அழுதபடி பின்னால் வர, பாடை சந்தையைக் கடந்தது. நீதிபதியின் வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். குழல் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் நின்றவர் நகர்ந்ததும், நோனியாவும் ஓரடி முன்னால் போய் நின்றாள்.