கோட்டுக்கு ஒரு தட்டு

அது நன்றிக் கடிதம். இரண்டாம் முறை படித்தபோதுதான் ஜோவிதா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

காங்கேயத்தை அடுத்த ஓர் ஊரில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் லட்சுமணசாமி என்பவர் எழுதியிருந்தார். 'தங்கள் தொழிற்பொருள் களஞ்சியம், பக்கம் 214 கண்டேன். வார்ப்பிரும்பின் இழுவலிமை முப்பத்தைந்து என்று அறிந்து, எங்கள் கோயிலில் வெடிமருந்து அடைத்து வெடிக்கும், தேய்ந்துபோன வேட்டுக்குழாய்களுக்குப் பதிலாகப் பட்டறையிலேயே புதிதாகப் பத்துக் குழாய்கள் வார்த்துவிட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தேர் புறப்படும்போது முதல் வேட்டு. தங்கள் நூல் வாழ்க.'

அன்றுதான் வெள்ளிக்கிழமை. சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வார்ப்பிரும்பு பிளக்காமல் தாங்கும் இழுவலிமை பதினைந்துதான். முப்பத்தைந்து என்பது அடித்து வளைக்கும் தேனிரும்புக்கு உரியது. இதை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த நூலைத் தொகுத்துப் பிழை திருத்துவதில் ஆறு ஆண்டுகளைச் செலவிட்டவள். அலமாரியிலிருந்து நூலை எடுத்துப் பக்கத்தைப் பிரித்தாள். அட்டவணையின் முதல் வரியில் ஈயக் கலவை. அதற்கு மூலப்படியில் எண் இல்லை. ஒரு கோடு மட்டுமே உண்டு. அச்சில் அந்தக் கோடு விடுபட்டிருந்தது. அதனால் கீழேயிருந்த எண்கள் எல்லாம் ஒவ்வொரு படி மேலேறி, ஈயக் கலவைக்குப் பதினைந்தும் வார்ப்பிரும்புக்கு முப்பத்தைந்துமாக, தத்தம் இடங்களில் பிறந்தவைபோல உட்கார்ந்திருந்தன.

பிழை எங்கே நுழைந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அட்டவணைகளை அவர்கள் பத்தி பத்தியாக, மேலிருந்து கீழாகவே சரிபார்ப்பார்கள். அவளோடு பிழை திருத்தும் சகாயம் மூலப்படியைப் பார்த்து எண்களை மட்டும் உரக்கப் படிப்பார். அவள் அச்சுப்படியில் புள்ளி வைத்துக்கொண்டே வருவாள். கோடு வந்தால் அவர் வாய் திறக்கமாட்டார். விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். கோட்டுக்கு ஒரு தட்டு. இருபது ஆண்டுப் பழக்கம் அது. கீழ்த்தளத்தில் தாள் வெட்டும் இயந்திரம் இறங்கி ஏறும் நேரங்களில், மேசையே தானாகத் தட்டிக்கொள்ளும், அவர் தட்டு அதில் கரைந்துவிடும்.

"தட்டுனனுங்க அம்மணி," என்றார் சகாயம். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "சத்தியமாத் தட்டுனனுங்க."

"தட்டியிருப்பீங்க. எனக்குத்தான் கேக்கல."

பதிப்பக உரிமையாளர் பெனடிக்ட் கடிதத்தைப் படித்துவிட்டு, ஒரு பிழைதிருத்தச் சீட்டு அச்சடித்து, மிச்சமுள்ள படிகளில் ஒட்டிவிடலாம் என்றார்.

"வித்துப்போன படிக்கு?"

"கேட்டு எழுதுறவங்களுக்கு அனுப்பலாம். நீங்க நேருல போயி நின்னா, தப்பு நம்முளுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப்புல ஆயிரும்."

"தப்பு நம்முளுதுதானுங்க."

"தந்தி குடுங்க, போதும்."

"தந்தி நாளைக்குப் போகும்ங்க. வேட்டு இன்னைக்கு."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் மூலப்படியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

சிங்காநல்லூரில் அவள் ஏறிய பேருந்து, பல்லடத்தில் தேநீருக்காக இருபது நிமிடம் நின்றது. ஓட்டுநர் நிதானமாக வடையைப் பிட்டுத் தின்பதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நூலில், பீரங்கிகளின் உலோக வரலாறு குறித்த இயலில் அவளே ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள்: 'தேனிரும்பு வீங்கிக் காட்டிய பிறகே பிளக்கும், வார்ப்பிரும்பு எதையும் காட்டாது.' ஒற்றுப்பிழை உண்டா என்று நான்கு முறை பார்த்த வாக்கியம். அதிலிருந்து இரண்டே பக்கம் தள்ளி, அதை மறுக்கும் அட்டவணைக்குப் புள்ளி வைத்தவளும் அவளே.

காங்கேயத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து நகரப் பேருந்தைப் பிடித்தாள். அது ஊர் எல்லையை நெருங்கும்போது மணி நான்கேகால். முதல் வேட்டு வெடித்தது. ஜன்னல் கம்பி அவள் கைக்குள் அதிர்ந்தது. இரண்டாவது. நிறுத்தத்தில் இறங்கி அவள் ஓடத் தொடங்கியபோது மூன்றாவது.

நான்காவதற்குள் அவள் திடலை அடைந்துவிட்டாள். முழ உயரக் குழாய்கள் பத்தும் மண்ணில் பாதி புதைந்து வரிசையாக நின்றன. திரிக்கோலைப் பிடித்திருந்த வேட்டுக்காரர் பாலுசாமி ஓடிவருகிறவளைக் கண்டு கோலை உயர்த்திக்கொண்டார். பத்தடி தள்ளிக் கயிறு கட்டி, அதற்கு அப்பால் சனம் நின்றது. முன்வரிசையில் குழந்தைகளைத் தோளில் ஏற்றியவர்கள் இருந்தார்கள்.

"நிறுத்துங்க! லட்சுமணசாமி யாருங்க?"

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். அவள் தன் பெயரைச் சொன்னதும் கைகூப்பினார். "புஸ்தகக்காரம்மாங்களா! வேட்டுப் பாக்கோணும்னு கோயமுத்தூருலிருந்தேவா வாரீங்க?"

"அந்த அட்டவணை தப்புங்க. முப்பத்தஞ்சு இல்ல, பதினஞ்சு." பையிலிருந்து மூலப்படியை எடுத்து நீட்டினாள். "நான் பாத்த பக்கம்ங்க. என்னோட தப்பு."

அவர் சிரித்தார், ஆனால் எண்ணைப் பார்த்தார். "மூணு வெடிச்சாச்சுங்களே அம்மணி. ஒண்ணும் ஆகலைங்களே."

"ஆகுற வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. அந்த இயல்லயே எழுதியிருக்கேன்."

"எழுத்தையெல்லாம் யாருங்க படிக்கிறது? நாங்க கணக்கத்தான் பாப்போம்."

"ஏனுங்க, சாமிய நடுத்தெருவுல நிறுத்தி வச்சுப்போட்டுப் பாடமா நடத்துறீங்க?" என்றார் பாலுசாமி. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "பத்துன்னா பத்து வெடிச்சாகோணும். குறைஞ்சா ஊரு என்னையத்தான் கேக்கும். தள்ளி நில்லுங்கம்மா." திரியின் நுனியை ஊதினார். அது சிவந்தது.

ஜோவிதா தள்ளி நிற்கவில்லை. நான்காவது குழாய்க்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். லட்சுமணசாமியை மட்டும் பார்த்துக் கேட்டாள்:

"பட்டறையில வார்ப்பு நல்லா வந்திருக்கான்னு எப்படிங்க பாப்பீங்க?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "தட்டித்தானுங்க. விரிசல் இருந்தா நாதம் வராது." யாரையும் பார்க்காமல், தேர்ச்சக்கரத்துக்குத் தடைக்கட்டை போடுகிறவரிடமிருந்து சுத்தியலை வாங்கினார். வெடித்து முடித்த மூன்று குழாய்களையும் ஈரச் சாக்கால் பற்றிப் பிடுங்கி, கல்லின்மேல் வரிசையாக நிறுத்தினார். மேளக்காரர்களை நோக்கிக் கையை உயர்த்தினார். மேளம் நின்றது. கயிற்றுக்கு அப்பால் பேச்சும் ஒவ்வொரு வாயாக அடங்கியது.

முதல் குழாயைத் தட்டினார். கணீரென்று எழுந்த நாதம் தேர்ச்சக்கரம் வரை போய்த் தேய்ந்தது.

இரண்டாவது. அதே நாதம். பாலுசாமி திரிக்கோலை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

மூன்றாவதன்மேல் சுத்தியல் விழுந்தது. நாதம் எழவில்லை. மரமேசையின்மேல் யாரோ விரல் முட்டியால் தட்டியதுபோல, ஒரே ஒரு சத்தம்.

லட்சுமணசாமி சுத்தியலை மறுபடி ஓங்கி, அடிக்காமல் நின்றார். அவருக்குப் பின்னால், வாய்வரை வெடிமருந்து கெட்டித்த ஏழு குழாய்கள் வெயிலில் நின்றன.