துபாய் சிம்

சின்னப்பராஜின் இடுப்புப் பையில் எப்போதும் இரண்டு போன்கள் இருக்கும். ஒன்று அவருடையது. அது அடித்தால் எடுப்பார், கைவேலையாக இருந்தால் விட்டுவிடுவார். மற்றது ஒரு பழைய பட்டன் போன். அதற்குள் இருந்தது மகன் சகாய பிரவீனின் துபாய் சிம். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை சுமக்கும்போதுகூட அவர் கை அடிக்கடி இடுப்புக்குப் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

கூட வேலை பார்ப்பவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "இன்னா சின்னப்பா, ஷேக்கு லைன்ல கீறாரா?" என்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். மகன் சம்பாத்தியம் முழுவதும் இடுப்பில் இருக்கும்போது மனுஷனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

பிரவீன் ஏசி மெக்கானிக். சம்பளம் துபாயில் ஒரு பேங்கில் விழும். கம்பெனிக்காரன் அவனை ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு, ஆஸ்பத்திரி கட்டுகிற வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னதும், போவதற்கு முன்னால் லீவில் வீட்டுக்கு வந்தான். அந்த ஊரில் துபாய் நம்பருக்கு டவர் பிடிக்காது, நடுரோட்டில் போனைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று அங்கே முன்னால் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். சிம் போனால் கணக்கே போன மாதிரிதான். பணம் எடுக்க, அனுப்ப, எதற்கும் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும்பா. எனக்கு எப்ப வோணுமோ அப்ப போன் பண்றேன். மெசேஜ்ல வர்ற நம்பரைப் படிச்சா போதும்."

"வெனிலாகிட்ட குடுக்கலாமேடா?"

"அது வேலை செய்ற கடையில போனை வாங்கி வெச்சிக்கினு தானே உள்ளயே வுடறான். அவசரத்துக்கு எப்பிடி எடுக்கும்?"

அதுவும் உண்மைதான். மருமகள் வெனிலா விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்த்தாள். காலையில் வாசலில் கொடுத்த போன் இரவில்தான் கைக்குத் திரும்பி வரும். அப்படித்தான் அந்தப் பொறுப்பு கிழவர் தலையில் ஏறியது. ஏறியதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மாதா மாதம் பிரவீன் கூப்பிடுவான், பிறகு பட்டன் போன் டிங் என்று ஒலிக்கும். சின்னப்பராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி எண்களைப் படிப்பார். கொஞ்ச நேரத்தில் வெனிலாவின் கணக்கில் வீட்டுச் செலவுக்குப் பணம் வந்துவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் அடுத்த தெரு லூர்துமேரியின் கதை நடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அவள் மகன் குரலிலேயே ஒருத்தன் அழுதுகொண்டு பேசினான். போலீஸ் பிடித்துவிட்டது, என் போனைப் பறித்துக்கொண்டார்கள், வேறு ஒருவர் போனில் பேசுகிறேன், சீக்கிரம் என்றான். பெற்ற வயிறு கேட்குமா? நம்பரைச் சொல்லிவிட்டாள். சேர்த்து வைத்ததெல்லாம் சுத்தமாகப் போனது. அவள் மகன் அந்த நேரம் சிங்கப்பூரில் சோறு தின்றுகொண்டிருந்தானாம்.

இதைக் கேட்டதும் பிரவீன் வீடியோவில் வந்து அப்பாவுக்குத் தனியாகப் பாடம் எடுத்தான். "இப்பல்லாம் கம்ப்யூட்டரை வெச்சி நம்ம குரல் மாதிரியே பேசறாங்கப்பா. நானே பேசினாலும் நம்பாத. என் மூஞ்சியப் பாத்தாதான் நம்பரு. இல்லாட்டி நம்ம வூட்டாளுங்களுக்கு மட்டும் தெரிஞ்சது எதுனா கேளு. தப்பாச் சொன்னா கட் பண்ணிடு."

"இன்னா கேக்கறது?"

"அது உன் இஷ்டம். முன்னாடியே சொல்லி வெக்காத, எங்கிட்டயும்தான்."

சின்னப்பராஜ் நிறைய யோசித்து ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து மனதுக்குள் பூட்டி வைத்தார். வெனிலாவிடம்கூட மூச்சு விடவில்லை.

அக்டோபர் கடைசியில் அந்த நாட்டில் சண்டை மூண்டது. ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். நெட் போய்விட்டது. யாரோ ஒருவர் போனிலிருந்து ஒரே ஒரு தடவை பிரவீன் பேசினான். "ரூம்லயேதான் கீறோம், வானூர் புகழேந்தி கூட இருக்கான், பயப்படாதீங்க, ரோடு தொறந்தா வந்துடுவோம்" என்றான். அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. வெனிலா கடைக்குப் போவாள், வருவாள், வந்ததும் டிவியில் அந்த ஊர்ப் பெயர் அடிபடுகிறதா என்று உட்கார்ந்து பார்ப்பாள். சின்னப்பராஜுக்கு ராகிக் களி தொண்டையில் இறங்கவில்லை.

அதற்குள் கல்லறைத் திருநாள் வந்துவிட்டது. மனைவி ஆரோக்கியசெல்வியின் கல்லறைக்கு வருஷா வருஷம் நீலம் அடிப்பதுதான் வழக்கம். மாதாவின் முக்காட்டு நீலம் அவளுக்கு உயிர். ஊரில் இருந்தால் பிரவீனே பிரஷைப் பிடித்து அடிப்பான், இல்லாவிட்டால் பணம் அனுப்பிவிட்டுப் போனில் உயிரை எடுப்பான். இந்த வருஷம் சின்னப்பராஜின் மனசு கேட்கவில்லை. நீலம் வெயிலில் வெளுத்துப்போகிறது, நல்ல விலை உயர்ந்த பெயிண்டாக அடித்து அவளைக் குளிர வைத்தால் மகனுக்காக மேலே பரிந்து பேசுவாள் என்று ஒரு எண்ணம். கடையில் பளபளவென்று இருந்த ரோஸ் கலரை வாங்கித் தன் கையாலேயே அடித்தார். கல்லறைத் தோட்டத்தில் அது ஒன்றுதான் தூரத்திலிருந்தே தெரிந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி, சாமந்தி போட்டு, வெனிலாவைப் படம் எடுக்கச் சொன்னார்.

"பிரவீனுக்கு அனுப்பும்மா. பாத்தா சந்தோசப்படுவான்."

"அனுப்பிட்டேன் மாமா" என்றாள் வெனிலா. அனுப்பினால் போய்விட்டது, போனால் பார்த்திருப்பான். சின்னப்பராஜின் கணக்கு அவ்வளவுதான். அவர் பெட்டியில் போட்ட கடிதம் எதுவும் இதுவரை சேராமல் போனதில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானம், கமிட்டியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது பட்டன் போன் டிங் என்றது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் கூப்பிட்ட பிறகுதான் மெசேஜ் வரும். இன்று கூப்பிடாமலே வந்திருக்கிறதே என்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய சொந்த போன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு நம்பர்.

"அப்பா, நாந்தான். மெசேஜ் வந்துச்சா? ஜல்தி படிப்பா."

அழுத மாதிரி கட்டிப்போன குரல். பின்னால் யாரோ புரியாத பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"யாரு பேசறது?"

"பிரவீன்பா. வேற ஆளு போனு, இவன்கிட்ட மட்டும்தான் நெட்டு கீது. பார்டருக்கு பஸ்சு கெளம்புது, சீட்டுக்கு பஸ்சுக்காரனுக்குப் பணம் போடணும். நம்பரைச் சொல்லு."

அழுகைக் குரல், வேறு ஆள் போன், அவசரம், பணம். லூர்துமேரி சொன்னது ஒன்று விடாமல் அப்படியே இருந்தது.  தன் புத்தி தெளிவாக இருந்ததாகத்தான் சின்னப்பராஜ் நினைத்தார்.

"வீடியோல வா."

"வீடியோலாம் வுட மாட்டேங்கறான்பா. ஒரு நிமிசம்தான் குட்த்துக்கீறான். பேஜாரு பண்ணாத."

"சரி, உங்கம்மா கல்லறைக்கு இன்னா கலரு?"

அந்தப் பக்கம் கத்தல் இன்னும் பலத்தது.

"இன்னாப்பா இந்த நேரத்துல? நீலம். நீலம்தான்."

பிடித்துவிட்டேன் என்று அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்லறைத் தோட்டத்துக்கு என்றைக்கோ வந்து நோட்டம் விட்டவன் எவனோ பழைய கலரைச் சொல்கிறான். மகனுக்குத்தான் போட்டோ போயிருக்கிறதே.

"திருட்டு நாயே! எம்புள்ள குரல்ல பேசினா ஏமாந்துடுவனா? அவன் அங்க உயிருக்குத் தவிச்சிக்கினு கீறான், அவன் சம்பாத்தியத்துல கை வைக்க வந்துட்டியா? நீ நல்லா இருப்பியாடா?"

"அப்பா, சத்தியமா நான்…"

கட் செய்துவிட்டார். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் செய்தார். அதற்கும் மேல் அடித்தபோது போனையே அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு இறங்கியது. கமிட்டி முழுக்க விஷயம் பரவி, வியாபாரி ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். கைநாட்டு ஆளாக இருந்தாலும் கில்லாடி என்று தோளில் தட்டினார்கள். இத்தனைக்கும் அவர் கைநாட்டு இல்லை, எட்டாவது படித்தவர். அதையும் அன்றைக்குப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

விழுப்புரத்திலிருந்து கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வெனிலா வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நல்ல வேலை செஞ்சீங்க மாமா" என்று சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க? அப்பிடி இன்னாதான் கேட்டீங்க?"

"அத்தை கல்லறைக்கு இன்னா கலருன்னேன். நீலமாம்!"

வெனிலாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பையிலிருந்து போனை எடுத்து எதையோ தேடினாள். ரோஸ் கலர் கல்லறை, சாமந்தி, எரியும் மெழுகுவர்த்தி. படத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு டிக்.

"மாமா, இது ஒரு டிக்குதான்."

"அப்பிடின்னா?"

"அவரு போனுக்குப் போய்ச் சேரல. அங்கதான் நெட்டே இல்லியே."

"அனுப்பிட்டேன்னு சொன்னியேம்மா."

"அனுப்பினேன் மாமா." அந்த ஒற்றை டிக்கை விரலால் தொட்டுக் காட்டினாள். "போய்ச் சேரல. நீங்க கலர மாத்துனது அவருக்கு எப்பிடித் தெரியும்? அவருக்கு நீலம்தான் மாமா தெரியும்."

சின்னப்பராஜ் பையைப் பிரித்து, தன் போனை உயிர்ப்பித்து, அந்த நம்பருக்கு அடித்தார். வெனிலாவும் வாங்கி மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தாள். மணி போகவில்லை. ஏதோ பாஷையில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப எதையோ சொன்னது. பட்டன் போனில் அந்த ஓடிபி அப்படியே இருந்தது. கிழவர் அதைப் பார்த்து, கேட்க யாருமில்லாமல், ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு அவர்கள் போகாத இடமில்லை. விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். பங்குச் சாமியார் டெல்லிக்கு யார் யாருக்கோ போன் செய்தார். டிசம்பர் தொடக்கத்தில் தகவல் வந்துவிட்டது. அந்த போன் வந்த அன்று ராத்திரியே தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் குண்டு விழுந்திருக்கிறது. பிரவீன் உடலைக் கொண்டுவர வழியில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெட்டியில்லாமல், முகம் பார்க்காமல், மகனுக்குப் பூசை வைத்தார்கள்.

துபாய் பேங்க்காரனும் ஒருநாள் வெனிலாவிடம் பேசினான். கணக்கு பத்திரமாக இருக்கிறது, ஒரு பைசா குறையவில்லை, காகிதங்கள் வந்ததும் வாரிசுக்குக் கிடைக்கும் என்றான். அவள் அதை மாமனாரிடம் சொல்லவில்லை. ஆனால் ஒற்றை அறை வீட்டில் எதை மறைக்க முடியும்? பத்திரமாக இருக்கிறது என்ற வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது. 

கிறிஸ்துமஸ் கழிந்து வானூர் புகழேந்தி வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். வெனிலா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. என்னிடம் இருந்தது என் சீட்டுக்கே பத்தவில்லை, கட்டியிருந்த வாட்சையும் கழற்றிக் கொடுத்துத்தான் ஏறினேன் என்று யாரும் கேட்காமலே இரண்டு தடவை சொன்னான். அவனும் எதையோ சுமந்துகொண்டுதான் அலைகிறான் என்று அவர்களுக்குப் புரிந்தது.

சின்னப்பராஜுக்கு அவனிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது. 

"நான் போனைக் கட் பண்ணதும் இன்னா சொன்னான்? எம்மேல கோவமா இருந்தானா?"

"இல்லப்பா."

"எனக்காக மறைக்காத. திட்டியிருந்தா அப்பிடியே சொல்லு."

"சத்தியமா இல்லப்பா. சிரிச்சான்." புகழேந்தி டீயைக் கீழே வைத்தான். "பாத்தியாடா எங்கப்பாவன்னு என்கிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சான். நான் சொல்லிக் குட்த்த மாதிரியே கேள்வி கேக்கறாரு, கல்லறைக்குக் கலர மாத்திட்டாரு போல, என்னையே ஃபெயிலாக்கிட்டாரு, அவரு இருக்கற வரைக்கும் எவனும் என் கணக்குல கை வைக்க முடியாதுடான்னான். நாளைக்கும் பஸ்சு வருது, வெனிலா கடை வுட்டு வர்ற நேரம் பாத்துப் பேசிக்கறேன், நீ போய்க்கினே இருன்னு என்னை ஏத்தி வுட்டான். பஸ்சு திரும்பற வரைக்கும் அங்கயே நின்னு கையக் காட்டிக்கினு இருந்தான்பா."

இத்தனை நாளும் சின்னப்பராஜ் மகனுடைய கோபத்துக்குத் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தார். சாகும்போது சபித்திருப்பான், நியாயம்தான், மிச்ச காலத்துக்கு அதைச் சுமந்துகொண்டு போய்ச் சேரலாம் என்று இருந்தார். பெருமைப்பட்டுக்கொண்டு செத்தான் என்பதை வாங்கிக்கொள்ள அவருக்குள் இடமே இல்லை.

"திட்டலயா? ஒரு வார்த்தகூடவா?" என்றார்.

"இல்லப்பா."

திருட்டு நாயே என்று மகனைச் சொன்ன வாயில் அவர் தன் கையாலேயே அடித்துக்கொண்டார். மறுபடியும் அடித்துக்கொண்டார். வெனிலா ஓடிவந்து கையைப் பிடித்தாள். மூட்டை தூக்கிய கை அது, அவளால் நிறுத்த முடியவில்லை. புகழேந்தியும் சேர்ந்து பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.