பச்சைத் தண்ணீர்

அற்புதமேரியின் வலது பாதத்தில் எழுந்திருந்த கொப்புளத்தை முதலில் கண்டவர் அவருடைய கணவர் மரியராஜ்தான். வாதம் தாக்கியதிலிருந்து அந்தக் காலில் உணர்ச்சி இல்லை, பேச்சும் திரும்பவில்லை. பாதம் வெந்தது உரியவருக்கே தெரியாமல், மதியம் எண்ணெய் தடவக் காலைத் தூக்கியவருக்குத் தெரியவந்தது.

குளிப்பாட்டுவதற்கென்று கீழக்குயில்குடியிலிருந்து தினமும் பேருந்தில் வருபவள் ராமக்காள். மறுநாள் காலை அவளிடம் கேட்டார்.

"கையை வச்சுப் பாத்துட்டுத்தான்யா ஷவரைக் காலுக்கு நேரா மாட்டுனேன். முதுகு தேய்க்கையில அதுவாக் கொதிச்சிருக்கு போல. வாளியில விளாவி ஊத்துறேன்னு அன்னைக்கே சொன்னேன். உங்க மகதான் முந்தாநேத்து இந்த ஷவர் பைப்பை வாங்கி மாட்டிவிட்டுட்டுப் போச்சு."

மகள் ஜெனிஷா பெங்களூரிலிருந்து தொலைபேசியில் வேறு விதமாகச் சொன்னாள். "தண்ணி அதுவா எப்படிப்பா கொதிக்கும்? ஆளை மாத்துங்க. ஏஜென்சியில நான் பேசுறேன்."

மரியராஜ் பசுமலைப் பள்ளியொன்றில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். காரணமின்றி எதுவும் சூடாவதில்லை என்பதை அவர் அறிவார். ஆயினும் ஆளை மாற்றுவதற்கு முன் வெந்நீர்க் கருவியைச் சோதிப்பதே முறை என்று எண்ணி, பிளம்பர் இம்மானுவேலை அன்றே வரவழைத்தார்.

இம்மானுவேல் ஹீட்டரைக் கழற்றினான். உள்ளே கம்பிச்சுருள்மேல் உப்பு, சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. "உங்க போர் தண்ணியில அப்பளம் போடலாம் சார்" என்றபடி சுரண்டி எடுத்து மீண்டும் பூட்டினான். பிறகு வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் அளவாகத் திறந்து, ஷவரின் கீழ்க் கையை நீட்டியவாறு நெடுநேரம் நின்றான். மரியராஜும் அருகிலேயே நின்றார். சூடு கூடவுமில்லை, குறையவுமில்லை.

"ஹீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல சார். எந்தச் சூட்டுல நிக்கணுமோ அதுல கரெக்டா நிக்குது."

கருவி சந்தேகத்திலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டதால் எஞ்சியிருந்தவள் ராமக்காள் ஒருத்திதான். அவர் படுக்கையறைக்குப் போனார். அவள் கட்டிலருகே துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமையில இருந்து வேற ஆள் வருது ராமக்கா."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "சரிங்கய்யா. இன்னைக்குக் குளிப்பாட்டி விட்டுட்டே போறேன். டீச்சரம்மா இடது பக்கமாச் சாஞ்சுதான் எந்திரிப்பாக. வார ஆளுக்கு அதை மட்டும் சொல்லிருங்க."

அற்புதமேரி கணவரைப் பார்த்தார். சொல்ல முடியாதவரின் பார்வையை எதிர்கொள்வது எளிதல்ல. மரியராஜ் குளியலுக்கு வழிவிட்டு வெளியேறினார்.

சக்கர நாற்காலி நுழைந்தபின் அந்தக் குளியலறைக் கதவைச் சாத்த முடிவதில்லை. ஆகவே மனைவி குளிக்கும் வேளையில் அவர் வீட்டுக்குள் இருப்பதில்லை. கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவார். ஐயா வெளியேதான் நிற்கிறார் என்பதை அந்த ஓசை உள்ளே இருக்கும் இரு பெண்களுக்கும் அறிவிக்கும். அப்படிச் செய்யும்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. இருவர் கூச்சத்தையும் காக்க அவரே கண்ட வழி அது.

அன்றும் குழாயைத் திறந்தார். உள்ளே ஸ்பேனர் ஒன்று தரையில் விழும் ஓசை கேட்டது. தொடர்ந்து இம்மானுவேலின் அலறல். புறப்படுமுன் அவன் ஷவரில் கை கழுவிக்கொண்டிருந்திருக்கிறான்.

"என்னக்கா இது, இப்படிக் கொதிக்குது?"

"டீச்சரம்மாவுக்குத்தான் உணர்ச்சி இல்ல. உனக்கு இருக்குல்ல தம்பி, நீயே சொல்லு."

மரியராஜ் குழாயை மூடினார்.

"இப்பச் சரியாயிருச்சு" என்றான் இம்மானுவேல் உள்ளிருந்து.

அவர் மீண்டும் திறந்தார்.

"சார், பச்சத்தண்ணி நின்னுபோச்சு. வெறும் வெந்நிதான் வருது."

மீண்டும் மூடினார். மூன்றாம் முறை சோதிக்கத் தேவை இருக்கவில்லை. ஹீட்டர் பொருத்தியபோது, உப்படைத்த பழைய குழாய் போதாது என்று மாடித் தொட்டியிலிருந்து அதற்கு மட்டும் புதுக்குழாய் இறக்கச் சொன்னவர் அவர்தான். நோயாளிக்கு வேண்டியது வெந்நீர். பச்சைத் தண்ணீர் பழைய குழாயிலேயே வரட்டும் என்றார். கொல்லைக் குழாயும் அந்தப் பழைய குழாயிலிருந்தே பிரிகிறது. இதைத் திறந்தால் அங்கே பச்சைத் தண்ணீர் வற்றும். வெந்நீர் மட்டும் வற்றாது.

உள்ளே போனார். ராமக்காள் நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"வெளிக்குழாயைத் திறந்தது நான்தான். தினமும் நான்தான்" என்றார். பிறகு, "திங்கக்கிழமையும் நீயே வரணும்" என்றார்.

"வேற ஆளுக்குச் சொல்லியாச்சேங்கய்யா."

"வேண்டாம்னு சொல்லிர்றேன்."

ராமக்காள் அற்புதமேரியின் முகத்தைப் பார்த்தாள். அவர் இடது கை, ராமக்காளின் சேலைத் தலைப்பைப் பற்றியிருந்தது. "மொதல்ல அந்த வாளியை எடுத்துக் குடுங்க. தண்ணி விளாவணும்" என்றாள்.

பழைய குழாயை மாற்ற மறுநாள் வருவதாகச் சொல்லி, சிவந்த கையை உதறியபடி இம்மானுவேல் புறப்பட்டான். மரியராஜ் கொல்லைக்குத் திரும்பினார். தொட்டிகளில் மண் காய்ந்திருந்தது. உள்ளே வாளித் தண்ணீரைக் கை அளைவது கேட்டது. பிறகு சொம்பு மோந்து ஊற்றும் ஓசை.

"ஐயா எங்க நிக்கிறாக?" என்று ராமக்காள் குரல் கொடுத்தாள்.

"இங்கதான். வெளியதான்."

சற்றுப் பொறுத்து, அவள் கேட்காமலே ஒருமுறை இருமினார். குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு தொங்கியது. அதை விரலால் வழித்துவிட்டு, ஏற்கெனவே மூடியிருந்த குழாயை இன்னும் சிறிது இறுக்கினார்.