ராடுக்கு இரண்டு முனை

பெட்டியைத் திறந்ததுமே என்ஜின்காரிக்குக் காது மடல் சூடேறிவிட்டது. கேட்டது ஒன்று, வந்திருப்பது வேறு.

பந்தயக் கார் வைத்திருப்பவர்கள் என்ஜினைப் பிரித்துக் கோக்க அவளைத்தான் தேடி வருவார்கள். இந்த முறை, மலைப் பாதைப் பந்தயம் ஒன்றுக்காக, பிரித்துப் போட்டிருந்தது சொந்தத் தம்பியின் காரை. டர்போ பொருத்தி, என்ஜினின் பலத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தாள். அந்தப் பலத்தைப் பிஸ்டனிடம் வாங்கிச் சுழலும் கிராங்குத் தண்டிடம் கொடுக்கும் தரகர்தான் கனெக்டிங் ராடு. தரகர் நடுவழியில் முறிந்தால் நஷ்டம் வியாபாரத்தோடு நிற்காது. என்ஜினின் விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவார். சுடு எண்ணெய் ரோட்டில் கொட்டும், டயர் அதன் மேல் ஏறும். உள்ளே உட்கார்ந்திருப்பவன் தம்பி.

அதனால்தான் அவள் ஒவ்வொரு கம்பெனியாக அலசி, மினுக்கலைப் பார்க்காமல், எடை குறைவு என்ற ஆசை வார்த்தைக்கும் மயங்காமல், போல்ட்டின் தரம் வரை விசாரித்து ஒரு செட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாள். "சொந்தத்துல ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கும்போது வெளியில வாங்கினா மாமா மூஞ்சிய எங்க வெச்சுப்பாரு?" என்று அவள் கணவன் கேட்டதால், ஆர்டரை அவனுடைய தாய்மாமாவிடமே கொடுத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

அவருக்குக் குடும்பத்தில் தராசு மாமா என்று பெயர். எதை வாங்கினாலும் எடை, எதை விற்றாலும் எடை. தன் கல்யாண மோதிரத்தைக்கூட உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் விரலை நீட்டினாராம். பெட்டியை அவரே பட்டறைக்குத் தூக்கி வந்திருந்தார்.

"இது என்ன மாமா?"

"ராடு. நாலு இருக்கு, எண்ணிக்கோ."

"நான் கேட்டது இது இல்ல."

"அதுக்குத் தம்பி மாதிரி இதும்மா. அதே இரும்பு. பாலிஷைப் பாரு, இதுல முகம் பாத்துத் தலை சீவலாம்!"

"நான் கேட்ட செட் எங்க?"

"அது வந்துச்சு. ஒரு பார்ட்டி அவசரம்னு நின்னாரு, குடுத்துட்டேன். நீ வீட்டு ஆளுதானே, கோவிச்சுக்க மாட்டேன்னு நெனச்சேன்."

வீட்டு ஆள் என்றால் தலையில் மிளகாய் அரைக்கலாம் என்று எந்தக் கடை வாசலில் எழுதியிருக்கிறது? அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் காரின் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். பெரிய உடம்புதான், ஆனாலும் முழுக்க மறைக்கவில்லை. மாமாவின் கடைப் பெயர் மஞ்சள் எழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. கதவில் பெயர், பதிலுக்கு ராடு இலவசம். இருவரும் அவள் முதுகுக்குப் பின்னால் பேசி முடித்துவிட்டார்கள்.

அவள் ராடுகளைப் பெஞ்சின் மேல் வரிசையாகக் கிடத்தினாள். மூன்று ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நாலாவது வேறு வீட்டிலிருந்து வந்து அதே சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. பிஸ்டன் மாட்டும் சின்ன முனையில், வளையத்தின் விளிம்பு மெலிந்திருந்தது. கிரைண்டர் பட்ட தடத்தைப் பாலிஷ் மூடியிருந்தது.

"இது வேற செட்டு மாமா."

"இருக்கட்டுமே! தராசுல வெச்சுப் பாரு. நாலும் ஒரே எடை. கடையில உக்காந்து நானே பாத்துப் பாத்துத் தேச்சுச் சரி பண்ணினேன்." அவர் முகத்தில் கொஞ்சமும் கள்ளமில்லை. பரிசு வாங்க மேடையேறியவர் போல நின்றார்.

அவள் தராசை எடுத்தாள். ஆனால் ராடை முழுசாக அதில் வைக்கவில்லை. சின்ன முனையை நூலில் தொங்கவிட்டு, பெரிய முனையை மட்டும் தட்டில் இறக்கினாள். மூன்று ராடும் ஒரே கணக்கு சொன்னன. நாலாவது கூடுதலாகச் சொன்னது.

"பெரிய முனை கனம். அங்க தேய்க்காம, சின்ன முனையச் சுரண்டி மொத்தத்தச் சரிக்கட்டியிருக்கீங்க."

"மொத்தம் சரியா வருதா இல்லையா?"

"இது என்ன மூட்டையா மாமா? பெரிய முனை சுத்துது, சின்ன முனை மேலயும் கீழயும் ஓடுது. ரெண்டையும் தனித்தனியாப் பாக்கணும். மெலிஞ்ச முனை வேகத்துல முறிஞ்சிடும். ஒரு கால் வீங்கியிருக்குன்னா இன்னொரு கால்ல விரல வெட்டுவீங்களா?"

"விடுக்கா," என்றான் தம்பி. "ஒரு ஓட்டம்தானே."

அந்த ஒரு சொல்லில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, பூட்டித் தர்றேன். ஆனா மாமா, கதவுல உங்க கடை பேரு. மலைப் பாதையில இவன் பக்கத்துல நீங்களும் உக்காரணும்."

முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு என்று ஏதாவது சொல்லி நழுவுவார் என்றுதான் நினைத்தாள். அவரோ சட்டைக் காலரை இழுத்துவிட்டார்.

"உக்காந்துட்டாப் போச்சு! என் சரக்கு, எனக்கு என்ன பயம்?"

அவளுக்கு ஆத்திரம் இரட்டித்தது. ஏமாற்றுக்காரன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். தானே நெருப்பில் ஏறி உட்காரத் தயாராக இருக்கும் மனிதரை என்ன செய்வது?

தம்பிதான் தொண்டையைக் கனைத்தான். "மாமா வர்றதா இருந்தா நான் ரொம்ப ரெவ் ஏத்த மாட்டேன். மெதுவாத்தான் போவேன்."

"ஏன்டா?"

"இல்லக்கா, வயசானவரு..."

"வயசானவர் உக்காந்தா ராடுக்கு வலிக்குமா?"

அவன் பெஞ்சிலிருந்த ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"அவரு உசுருன்னா மெதுவா. உன் உசுருன்னா ஒரு ஓட்டம்தானே! அப்ப நான் எதுக்குடா இங்க நிக்கிறேன்? உனக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கவா?"

மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தராசு காட்டியபோது அசையாத முகம் இப்போது சுருங்கியது.

"என்னப்பா, என் சரக்க நம்பி நீ வேகமா ஓட்ட மாட்டியா?"

தம்பி ராடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கி, மூடி, அவர் பக்கமாகத் தள்ளி வைத்தான்.

பந்தயம் அவர்கள் இல்லாமலே நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் தராசு மாமா வேறொரு பெட்டியோடு வந்தார். அவள் கேட்ட அதே செட்.

"அந்தப் பார்ட்டி கையில கால்ல விழுந்து திருப்பி வாங்கினேன். உனக்காகத்தான்!" என்று, ஏதோ உபகாரம் செய்கிற தோரணையில் நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. கதவிலிருந்த மஞ்சள் எழுத்தைத் தம்பி சுத்தமாகச் சுரண்டி எடுத்திருந்தான். சுரண்ட வேண்டிய இடம் அதுதான்.

என்ஜின்காரி பெட்டியைப் பிரித்தாள், தராசை இழுத்து வைத்தாள், அவர் கண் முன்னாலேயே ஒவ்வொரு முனையாக நிறுத்தாள். மூன்றாவது ராடு வரை எல்லாம் ஒன்றுபோல் வந்தன.

"கம்பெனி சீல்கூட உடைக்காத பெட்டிம்மா. இன்னுமா என் மேல நம்பிக்கை வரல?"

"வரல மாமா," என்று சொல்லிவிட்டு, அவள் கடைசி ராடை நூலில் மாட்டினாள்.