நான்கு தோள்

தருபாலா அக்கா மேடையில் மைக்கைக் கையில் வாங்கியபோது, அவள் பென்ஷன் கேட்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். விழாக் குழுச் செயலாளர் அனிமேஷ் பாபு முதல் நாளே அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். "அதிகாரி கேப்பாரு, உங்களுக்கு என்னம்மா வேணும்னு. பென்ஷன்னு சொல்லுங்க. கண்ணு கொஞ்சம் கலங்கினா இன்னும் நல்லது." பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. 'மண்ணின் உயிர்க்கலைகள்' என்று எழுதிய பதாகை அவள் தலைக்கு மேலே படபடத்துக்கொண்டிருந்தது. கீழே பாதி புருலியா மாவட்டமே பொரியும் கடலையும் மென்றபடி உட்கார்ந்திருந்தது. அடுத்து ஆட வேண்டிய சௌ ஆட்டக்காரர்கள் முகமூடிகளை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள்.

அக்கா நாச்னி. பதினாலு வயதில் அவளை ஊருக்குக் கூட்டி வந்தவர் குஞ்சபிஹாரி மாஹாதோ. அவர் பாடுவார், அவள் ஆடுவாள். அப்படிப்பட்ட ஆளை எங்கள் பக்கம் ரசிகர் என்போம். கட்டிய மனைவி வீட்டுக்குள் இருப்பாள், நாச்னி மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் இருப்பாள். ரசிகர் பெயரைச் சொல்லித்தான் நாச்னி வகிட்டில் குங்குமம் வைப்பாள், ஆனால் அவள் கையால் அந்த வீட்டில் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அவள் ஆடிச் சம்பாதித்த நெல் மட்டும் யாருக்கும் தொண்டையில் சிக்காது. ரசிகர் செத்தபோது சிதைக்கு நூறு அடி தள்ளி அவளை நிற்க வைத்தார்கள். பிறகு குளத்தங்கரையில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்து, பெரிய மனது பண்ணியதாகப் பேசிக்கொண்டார்கள்.

நான் நகுல் காலிந்தி. முப்பத்தோரு வருடம் அவள் காலுக்கு மேளம் அடித்தவன்.

அதிகாரி குனிந்து கேட்டார். அக்கா மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பென்ஷன் எல்லாம் வேணாம் சாமி. நான் செத்தா கால்ல கயிறு கட்டாதீங்க. நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் போய் நெருப்பு வைங்க. அவ்வளவுதான்."

பொரி மென்ற வாயெல்லாம் நின்றுவிட்டது. அதிகாரி வெளியூர்க்காரர், ஒன்றும் புரியாமல் சிரித்துவைத்தார். எங்களுக்குப் புரிந்தது. நாச்னி செத்தால் பிணத்தை யாரும் தொடுவதில்லை. கணுக்காலில் கயிற்றைக் கட்டி, செத்த மாட்டை இழுப்பதுபோல் ஓடைக்கு அப்பால் புதர்க்காட்டுக்கு இழுத்துப் போடுவதுதான் வழக்கம். இழுப்பது எங்கள் சாதியின் வேலை. அக்காவுக்கு ஆட்டம் பழக்கிய கமலினியை என் அப்பாதான் இழுத்தார். அந்தத் தடம் அடுத்த மழை வரும்வரை தெருவில் கிடந்தது. அக்கா அதைத் தாண்டித் தாண்டித்தான் தண்ணீருக்குப் போனாள்.

அனிமேஷ் பாபுவுக்கு விழா கெட்டுப்போகக் கூடாது. பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "இதோ, இந்த மேடையிலேயே வாக்குக் கொடுப்போம்! இந்த அம்மாவுக்குத் தோள் கொடுக்க யார் யார் தயார்?"

முதலில் கை தூக்கியவர் எங்கள் ஊராட்சித் தலைவர் தாராபத பாபு. தேர்தலுக்கு நாலு மாதம் இருந்தது. அடுத்து ரசிகரின் மூத்த மகன் சுபல், அவன்தான் இப்போது எங்கள் குழுவை நடத்துகிறான். மூன்றாவது ஷெனாய் வாசிக்கும் பீமண்ணன். நாலாவது நான், கழுத்தில் மேளம் தொங்க, குச்சியோடு சேர்த்துக் கையைத் தூக்கினேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பிறகு அக்கா ஆடினாள். அறுபது தாண்டிய கால் அது, அன்றைக்கு என்னால் அதற்கு ஈடு கொடுத்து அடிக்க முடியவில்லை.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நாலு கைகள், நடுவில் அக்கா. அதை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடிசைச் சுவரில் மாட்டிக்கொண்டாள். நான் போகும்போதெல்லாம் அதே பேச்சு.

"தாராபதன் பனைமரம் மாதிரி இருக்கான், நீ குள்ளன். பாடை ஒரு பக்கமா சாயும்டா நகுல்."

"சாஞ்சா என்னக்கா, நீ என்ன எந்திரிச்சா உக்காரப் போற?"

"உருண்டு விழுந்தா? செத்தும் ஊருக்குக் கூத்துக் காட்டணுமா? நீயும் பீமனும் முன்னால நில்லுங்க. நெட்டையனுங்க ரெண்டு பேரும் பின்னால வரட்டும். ஓடை மேட்டுல ஏறும்போது அதுதான் சரிப்படும்."

இவ்வளவு தூரம் யோசித்து வைத்திருந்தாள். நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள், ஆனால் சிரித்து முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். "வருவேல்ல?" என்பாள். "வராம எங்கக்கா போகப் போறேன்" என்பேன்.

ஆனி மாதம், மழை இன்னும் இறங்கவில்லை. அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் காலையில் பீமண்ணன் என் வாசலில் வந்து நின்றார். அக்கா போய்விட்டாள். "நான் போய் மூங்கில் வெட்டுறேன். நீ மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு இரைத்துக்கொண்டே நடந்தார். அவருக்கு மூச்சிரைப்பு.

சட்டையை மாட்டிக்கொண்டு நான் கிளம்பும்போது என் மனைவி பாருல் போகாதே என்று சொல்லவில்லை. உள்ளே போய்ப் பரணில் கிடந்த என் அப்பாவின் கயிற்றை எடுத்து வந்து வாசற்படியில் வைத்தாள். எங்கள் மகள் சந்தனாவுக்குப் பதினொரு நாளில் கல்யாணம்.

"என்னடி இது?"

"இழுத்தா அது வேலை. தூக்கினா அது உறவு" என்றாள். "நாச்னிக்குத் தோள் குடுத்தவன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்க. சம்பந்தி வீட்ல நேத்தே கேட்டு விட்டாங்க, பேப்பர்ல கை தூக்கி நிக்கிறது உங்க வீட்டுக்காரர்தானான்னு. நான் சும்மா போட்டோவுக்குன்னு சொல்லியிருக்கேன்."

கயிற்றைத் தாண்டிக்கொண்டு போனேன். அப்போது எனக்குத் தைரியம் இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாராபத பாபு வீட்டில் அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "ஆபீஸ் மீட்டிங் போயிருக்காரு" என்றாள். அவருடைய பைக் இலுப்பை மரத்தடியில் நின்றது. செருப்பு வாசலில் கிடந்தது. செருப்பில்லாமல் மீட்டிங்குக்குப் போகும் தலைவரை அன்றுதான் கேள்விப்பட்டேன். தேர்தல் முடிந்து அவர் ஜெயித்தும் ஆகியிருந்தது.

சுபல் ஒளியவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"நகுல் சித்தப்பா, எங்கம்மா உயிரோட இருக்கா. நாப்பது வருசம் இவளைப் பாத்துப் பாத்து வெந்தவ. அவ கண்ணு முன்னாடி நான் இவளுக்குத் தோள் குடுத்தா, இவளையும் அம்மான்னு ஊரறிய ஒத்துக்கிட்ட மாதிரி. எங்கம்மாவுக்கு என்ன மரியாதை மிஞ்சும், சொல்லு."

"அப்ப ஏன்டா கையைத் தூக்கின?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க சித்தப்பா."

திரும்பி நடந்தேன். அனிமேஷ் பாபுவுக்குப் போன் போட்டேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், குரல் உடைந்தது. கொல்கத்தாவிலிருந்து ஒரு நாளில் வர முடியாதே என்றார். அடுத்த விழாவைத் தருபாலா அம்மாவுக்கே அர்ப்பணம் செய்துவிடலாம் என்றார். பிறகு, "அவங்க சலங்கை இருக்குல்ல, அதை மட்டும் பத்திரமா எடுத்து வைங்க. கண்காட்சிக்கு வேணும்" என்றார்.

குளத்தங்கரைக்கு வந்தேன். வெயில் ஏறிவிட்டது. பீமண்ணன் மூங்கில் வெட்டித் தயாராக வைத்திருந்தார். ஒற்றை மூங்கில்தான். தோளில் துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார், பாரம் அழுத்தாமலிருக்க. என் பின்னால் யாரும் வராததைப் பார்த்தார்.

"வரமாட்டானுங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். "அதான் ஒரே மூங்கில். துணியில தூளி கட்டித் தூக்கிடலாம். அவ என்ன கனம் கனக்கப் போறா? நாம ரெண்டு பேர் போதும்டா."

ரெண்டு பேர் போதும். அவர் சொன்னது சரிதான். அதுவரை தாராபத பாபுவையும் சுபலையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன், அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. நாலு பேர் கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கிழவர் அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

"சந்தனா கல்யாணம்ணே" என்றேன்.

குளத்து மறுகரையில் ஊர் சேர்ந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் பாருல் நின்றாள். கையில் கயிறு.

நான் போய் வாங்கி வந்தேன். என் கால்களால்தான் நடந்தேன், யாரும் தள்ளவில்லை.

சலங்கை கட்டிக் கட்டி அவள் கணுக்கால் இரண்டும் காய்த்துக் கறுத்திருந்தன. கயிறு அந்தத் தழும்பிலேயே போய் உட்கார்ந்தது. சுவரில் மாட்டிய படத்தில் நாலு பேர் கை தூக்கிக்கொண்டு நின்றோம். பீமண்ணன் மடித்த துண்டைத் தோளிலிருந்து எடுத்து அவள் தலையில் சுற்றினார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அவள் தலையை ஏந்திக்கொண்டார். நான் இழுத்தேன். கால் முன்னால் போயிற்று, தலை பின்னால். பீமண்ணன் அந்தத் தலையைத் தரையில் விடவேயில்லை. குனிந்தபடியே, இரைத்துக்கொண்டே, ஊரைத் தாண்டி, ஓடை இறக்கத்தில் இறங்கிப் புதர்க்காடு வரை வந்தார். நடுவில் ஒரு தடவை நான் நின்றேன், அவர் மூச்சு வாங்கட்டும் என்று. "இழு" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை, அடுத்த ஏழு மாதத்துக்கு.

விறகு கொடுக்க ஊரில் ஆளில்லை. குழி தோண்டி மேலே கல் அடுக்கினோம். நெருப்பும் இல்லை, தோளும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது பாருல் வெந்நீர் வைத்திருந்தாள். நான் குளிக்காமலே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள்தான் மழை பெய்து தெருவிலிருந்த தடம் போயிற்று.

சந்தனா கல்யாணம் நன்றாகவே நடந்தது. சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தை மாதம் மறுபடி விழா வந்தது. அனிமேஷ் பாபு சொன்ன சொல் தவறவில்லை. நுழைவு வளைவில் அக்காவின் பெயர். பட்டு மெத்தை மேல் அவள் சலங்கை, பக்கத்தில் தொடக் கூடாது என்று ஓர் அட்டை. நான்தான் குடிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நடுவில் ஆள் உயரத்துக்குச் சால மரச் சட்டம் போட்ட அவள் படம், கண்ணாடியோடு. அதைப் பூப்பல்லக்கில் சாய்த்து வைத்து ஊர்வலமாக மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பல்லக்குக்கு நாலு பேர் என்று மைக்கில் சொன்னதும் அடிதடியாகிவிட்டது. தாராபத பாபு முன்னால் வந்து நின்றார், புதுச் செருப்பு. சுபல் வெள்ளைக் குர்த்தாவில் வந்தான். அனிமேஷ் பாபு தானே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். நாலாவது மூலைக்கு ஏழெட்டுப் பேர் தள்ளிக்கொண்டார்கள். "வழி விடுங்க! முப்பத்தோரு வருசம் அம்மாவுக்கு மேளம் அடிச்ச நகுல் காலிந்திக்குத்தான் அந்த உரிமை!" என்று மைக் கத்தியது. ஓரத்தில் சந்தனாவும் மாப்பிள்ளையும் சம்பந்தியும் நின்றார்கள். சம்பந்தி போனைத் தூக்கிப் படம் எடுத்தார், முகமெல்லாம் பெருமை. படத்தைத் தூக்கினால் உறவில்லை போலிருக்கிறது.

மேளத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தேன். நான் குள்ளன், முன்னால் நின்றேன். நல்ல கனம். அக்கா இதில் பாதிகூட இருந்திருக்க மாட்டாள்.

மைதானத்துக்கு இறங்கும் சரிவில் தாராபத பாபு கால் தடுக்கினார். பல்லக்கு சாய்ந்தது, படம் வழுக்கியது. "பிடி! பிடி! கீழ படக் கூடாது, தரையில படக் கூடாது!" என்று அவர் அலறினார். எங்கெங்கிருந்தோ இருபது கைகள் பாய்ந்து வந்து படத்தைத் தாங்கின. ஒரு சின்னக் கீறல்கூட விழவில்லை. கூட்டம் கைதட்டியது.

பாய்ந்து வராத ஒரே ஆள் பீமண்ணன். பாதையோரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் அவரைக் கடக்கும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி, ஏழு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தார்.

"தலைப் பக்கம் நல்லாத்தான் பிடிச்சிருக்கானுங்கடா" என்றார்.

மேடையில் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன்.