பிரசவ நோட்டில் ஒரு வலைமுடிச்சு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் அன்றைக்கு வந்ததில் நியாயம் இருந்தது என்று இன்றும் சொல்வேன்.

யுத்த காலம். கடைகளில் நோட்டுக்குப் பஞ்சம். திருவொற்றியூர் குப்பத்திலிருந்து ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மருத்துவச்சிப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் பார்த்த இருபது பிரசவங்களையும் மடித்த தாள்களில் எழுதி வைத்திருந்தேன். அதை நோட்டாகத் தைத்துத் திங்கட்கிழமை மேட்ரனிடம் காட்டினால்தான் பரீட்சை. அந்த அம்மாள் நோட்டைத் தலைகீழாக உதறிப் பார்ப்பார். ஒரு தாள் விழுந்தாலும் அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிடுவார்.

எங்கள் வீட்டில் யாருக்கு நோட்டுத் தைக்கத் தெரியும்? பக்கத்து வீட்டு வியாகுலம்மாளின் ஜெபப் புத்தகம் முதுகு கிழிந்து கிடந்தது. அதை வாங்கி வந்து, நூல் எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று நானும் என் வீட்டுக்காரர் நீலமேகமும் குனிந்து குனிந்து பார்த்தோம்.

"இவ்ளோதானா? வலையே பின்றவன் நானு, இது இன்னா பிரமாதம்?" என்றார்.

நம்பி ஊசியைக் கொடுத்துவிட்டு, அட்டை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

திரும்பி வந்தால் தைத்து முடித்திருந்தார். வாங்கித் திறந்தேன். திறந்தால்தானே! மனுஷன் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வலைமுடிச்சு போட்டு இறுக்கியிருந்தார். விரலை எடுத்தால் மட்டிச் சிப்பி மாதிரி மூடிக்கொண்டது. மடிப்போரம் எழுதியிருந்த குழந்தைகளின் எடை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் திங்கட்கிழமை.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். படித்தவளைக் கட்டிக்கொண்ட பொறாமை என்றுகூடச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து மிச்ச நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வலைல ஒரு கண்ணு அறுந்தா பக்கத்துக் கண்ணு போவாது. முடிச்சு புடிச்சுக்கும். உன் தாளு ஒண்ணுகூட வுழக் கூடாதுன்னுதான்மே போட்டேன்."

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆனாலும் வலைமுடிச்சு அவிழாது, அறுக்கத்தான் வேண்டும். தாளில் ஒரு கீறல் விழாமல் அவரே கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தார். மறுபடி தைத்தோம். நான் தாளைப் பிடித்துக்கொள்ள, அவர் ஊசியை ஓட்டினார். முடிச்சு போட அவர் கை துறுதுறுத்தபோதெல்லாம் தலையில் ஒரு குட்டு வைத்தேன். கடைசித் தையலில், ஒன்றே ஒன்று போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். பாவமாக இருந்தது, சரி என்றேன்.

மேட்ரன் நோட்டை மேசைமேல் விரித்தார். பாய் மாதிரி படுத்தது. அட்டையைப் பிடித்துத் தலைகீழாக உதறினார். சந்தேகத்தில் இன்னொரு தரமும் உதறினார். பிறகு கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பரீட்சைக்கு வரச் சொன்னார்.

வெளியே வந்தால், கடலுக்குப் போயிருக்க வேண்டிய மனுஷன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"முடிச்சு தாங்கிச்சா?"

"தாங்கிச்சுய்யா," என்றேன். முந்தின நாள் பேசியதற்கெல்லாம் சேர்த்து, நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.